ஒன்றாம் பாட்டுக்கு முன்னால்

அந்தச் சனிக்கிழமை மதியம் வேங்கிக்கால் வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மாமனார் காசி மின்விசிறிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், சாப்பிட்ட வயிறு அடங்குவதற்காக இடுப்பின் பச்சை பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகன் இளவரசன் தரையில் கால் மடக்கி, கல்யாணப் பத்திரிகைகளின் மூலைகளில் மஞ்சள் தொட்டு வைத்துக்கொண்டிருந்தான். கல்யாணப்பெண் அவன் தங்கை ஆர்த்தி. சமையலறை வாசலில் சாய்ந்து கால் நீட்டி, ஒரு கையில் போனும் மறு கையில் முறுக்குமாக இருந்தாள். இளவரசனின் மனைவி மணிமொழி மட்டும் யாரையும் பார்க்காமல், மூலையில் சுவரைப் பார்க்கப் போட்ட மேசையில் கணினியின் முன்னால் இருந்தாள். அவள் வேலை செய்யும் திரை முழுக்கக் கறுப்பு. எழுத்து ஓடாத இடங்களில் அது கண்ணாடி மாதிரிக் கூடத்தைக் காட்டும். விசிறியின் சுழற்சி, மாமனாரின் வெள்ளை வேட்டி, ஆர்த்தியின் மஞ்சள் நைட்டி எல்லாம் அதில் கலங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

நான்கு பேர்தான். பிறகு எத்தனை முறை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தபோதும் மணிமொழிக்கு நான்குதான் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எண்ணி முடித்த இடத்தில் நிற்காமல் விரல் இன்னொன்றை மடக்கப் போனது.

காசி அடி அண்ணாமலையில் இருந்த நாளில் பம்பைச் செட்டு வைத்திருந்தவர். அந்தப் பக்கத்து வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் பூசை போடுவார்கள். பூவும் மஞ்சளுமாகச் செத்துப்போன அந்த வீட்டுப் பெண்ணைப் பம்பையும் உடுக்கையும் அடித்து, வர்ணித்துப் பாடி, உயிரோடிருக்கும் ஒருத்தியின் மேல் இறங்கிப் பேசும்படி கூப்பிடுவது வழக்கம். காசியின் செட்டு பாடிய அப்படிப்பட்ட பாட்டுகளை ஊர்க்காரர் ஒருவர் பதிவு செய்து சி.டி. போட்டு, பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்தில் விற்றார். மீந்தவை ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீட்டில் கிடந்தன. இப்போது சென்னையில் நாட்டார் இசையைச் சேகரிக்கும் காப்பகம் ஒன்று அவற்றைக் கேட்டிருந்தது. சி.டி.யில் உள்ளதை உருவி ஃபைல்களாக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் பாட்டின் பெயர், பாடியவர், ஊர், ஆண்டு என்று டேக் எழுத வேண்டும். பிறகு பென்டிரைவில் போட்டு, அசல் சி.டி.யோடு தபாலில் அனுப்ப வேண்டும். மணிமொழி வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்த வேலை அது.

அவள் மவுஸைத் தொடுவதில்லை. எல்லாம் தட்டச்சுக் கட்டளைகள்தான். ஒரு கட்டளை சி.டி.யை உருவும். ஒன்று டேக் எழுதும். இன்னொன்று எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டும். படித்துப் பார்க்காமல் அவள் அடுத்த ஃபைலுக்குப் போனதே கிடையாது. அந்தப் பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

பெட்டியின் கடைசி சி.டி. அது. உறையின் பின்னால் ஒன்பது பாட்டு என்று அச்சடித்திருந்தது. உருவி முடித்துப் பட்டியலைக் கேட்டால் பத்து ஃபைல்கள் இருந்தன. முதல் ஃபைலின் எண் பூஜ்யம்.

அவளுக்கு அது புரியாத விஷயமில்லை. சி.டி.யில் ஒன்றாம் பாட்டு தொடங்கும் இடத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். சாதாரணப் பிளேயர் அதைத் தாண்டிப் போய்த்தான் பாடத் தொடங்கும். அந்த இடத்தில் யாராவது எதையாவது பதிந்து வைத்தால் ஆயுசுக்கும் யார் காதிலும் விழாது. காப்பகத்தார் ஒன்று விடாமல் வேண்டும் என்று கேட்டிருந்ததால், அந்த இடத்தையும் சேர்த்து உருவும்படி கட்டளையை மாற்றியவளே அவள்தான். இதுவரை எல்லா சி.டி.யிலும் அது வெறுமையாக இருந்தது. இதில் மட்டும் மற்ற எந்தப் பாட்டையும்விடப் பெரிய ஃபைலாக உட்கார்ந்திருந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதலில் காற்று வீசுவது போலிருந்தது. கேட்கக் கேட்க அது மூச்சு என்று தெரிந்தது. யாரோ மைக்குக்கு மிக அருகில் வாயைத் திறந்து, தண்ணீரில் முங்கி எழுந்தவள் மாதிரி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கொலுசு ஒரு தரம் சிமெண்டுத் தரையில் இழுபட்டது. எங்கோ தள்ளி ஓர் உடுக்கை அடங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆண்குரல் நிதானமாகக் கேட்டது: "யாரு நீ? பேர் சொல்லு." பதில் வரவில்லை. அடி ஒன்று விழுந்தது.

பம்பை என்றுதான் நினைத்தாள். இத்தனை நாள் கேட்டுப் பம்பையின் இரண்டு முகங்களும் அவள் காதில் ஊறிப்போயிருந்தன. தோலில் விழுந்த அடி துள்ளி எழுந்து, சற்று நின்று, பிறகுதான் அடங்கும். இது எழவே இல்லை. ஈரத்துணி மூட்டையில் கட்டை இறங்கியது போல விழுந்த இடத்திலேயே அமுங்கிப்போனது. அதன் பின் மூச்சு, முன்னைவிட வேகமாக, ஓரத்தில் சளசளவென்று ஏதோ கலந்து.

"பேர் சொல்லு."

அந்தக் குரலில் இளமை இருந்ததால் யாருடையது என்று பிடிபடச் சற்று நேரமானது. தினமும் விடிந்ததும் 'காபி ஆச்சாம்மா' என்று அடுப்படிக்கு வந்து கேட்கிற குரல்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கூடத்தில் விசிறி ஓடியது. ஆர்த்தி முறுக்கைக் கடிக்கிற சத்தம் கேட்டது. கை வேலையை விடவில்லை. ஊர், ஆண்டு எல்லாம் மற்றப் பாட்டுகளுக்குப் போட்டதையே போட்டாள். பாடியவர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினாள். காப்பகத்தின் விதி அப்படி, எந்த இடமும் காலியாக இருக்கக் கூடாது. திரும்பப் படித்தாள். ஊர் இருந்தது, ஆண்டு இருந்தது. பாடியவர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மறுபடி எழுதினாள். 'அறியப்படாதவர்' என்று மாற்றி எழுதினாள். கணினி ஒவ்வொரு தடவையும் எழுதியாயிற்று என்றது. படித்தால் ஒன்றும் இல்லை.

"மாமா," என்று திரும்பாமலே கூப்பிட்டாள். "இந்தக் கடைசி சி.டி.யில மொதப் பாட்டுக்கு முன்னாடி ஒன்னு இருக்குது. யாரு பாடனது?"

"ஒம்போது பாட்டுதாம்மா அதுல."

"பத்து இருக்குது மாமா. ஒரு பொம்பள மூச்சு வாங்கறா. நீங்க பேர் கேக்கறீங்க."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. திரையின் கறுப்பில் வெள்ளை வேட்டி எழுந்து நிற்பதும், கைகள் இடுப்புக்குப் போய் பெல்ட்டை இறுக்குவதும் கலங்கலாகத் தெரிந்தன.

"அது பாட்டு இல்ல. எடுத்துப் போட்டுடு."

"ஒன்னு விடாம வேணும்னு சொல்லிக்கிறாங்க. பாடினவங்க பேர் இல்லன்னா அங்க வாங்கவே மாட்டாங்க."

"பேர் சொல்லாததுக்கு நாம பேர் வைக்கக் கூடாது மணி. வந்தவ தானா வாயத் தொறந்து சொல்லணும். நாம அவசரப்பட்டு ஒரு பேரச் சொல்லிட்டோம்னா, அதையே புடிச்சிக்கினு அந்தப் பேர்காரிகிட்டப் போயிடும். பம்பைக்காரன் மொதல்ல கத்துக்கறதே இதான்."

"ஏம்ப்பா, கம்ப்யூட்டர்ல கூடவா பூவாடைக்காரி எறங்குவா?" என்றாள் ஆர்த்தி. "எறங்கனா அப்படியே நாலு பாட்டு டைப் அடிச்சிக் குடுக்கச் சொல்லு அண்ணி. உனக்கு வேலை கம்மியாவும்."

"இவ பேரப் போடு மணி," என்றான் இளவரசன். "பாத்ரூம்ல கத்தற கத்தலுக்கு ஒரு மரியாதை கெடச்ச மாதிரி இருக்கும்."

"போடு அண்ணி, ஆர்த்தின்னே போடு. மாப்பிள்ள வீட்டுல பொண்ணு பாடகின்னு சொல்லிக்கலாம்."

"வாயக் கழுவுங்கடா ரெண்டு பேரும்," என்றார் காசி. அவர் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ ஜாஸ்தியாக இருந்தது. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மணிமொழிக்கு அந்த வெற்றிடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. தமிழ் எழுத்தை இந்த ஃபைல் ஏற்கவில்லையோ, வேறு ஏதாவது கோளாறோ என்று யோசித்தாள். கோளாறு எங்கே என்று பார்க்க, வாய்க்கு வந்த ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்து உடனே அழித்துவிடுவது கணினியில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். அந்த நேரத்தில் காதில் நின்றுகொண்டிருந்த சொல் அது ஒன்றுதான். பாடியவர் என்ற இடத்தில் 'ஆர்த்தி' என்று எழுதினாள். படித்தாள்.

பாடியவர்: ஆர்த்தி.

பளிச்சென்று ஒட்டிக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு; கோளாறு எழுத்தில் இல்லை. அழிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். படித்தாள். ஆர்த்தி. மறுபடி அழித்தாள். ஆர்த்தி. 'தெரியவில்லை' என்று மேலே எழுதினாள். ஆர்த்தி. ஃபைலையே நீக்கினாள், நீக்கியாயிற்று என்றது. பட்டியலைக் கேட்டால் பத்து இருந்தன, பூஜ்யம் முதலில். யாரும் சொல்லாமலே சி.டி. டிரைவ் முனகத் தொடங்கிச் சுற்றியது.

வெயில் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தும், எங்கிருந்தோ வாடிய மல்லிகையும் மஞ்சளும் ஈரத்தில் ஊறி அழுகிய வாசனை கூடத்தில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. திரையின் கறுப்பில் பார்த்தாள். சமையலறை வாசலில் மஞ்சள் நைட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால், அடுப்படி இருட்டில், முன்பக்கம் வளைந்து தலைமுடி தொங்க ஒன்று நின்றது.

சட்டென்று திரும்பினாள். ஆர்த்தி மட்டும்தான். அடுப்படியில் கேஸ் சிலிண்டர், குடம், காய்கறிக் கூடை.

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, கொசு பேசுவது போலச் சின்னதாக வந்தது. "பேர் சொல்லு."

"ஆர்த்தி," என்றாள் ஆர்த்தி, போனிலிருந்து தலையைத் தூக்கி. "யாரு கேட்டது?"

அடி விழுந்தது.

இந்த முறை ஹெட்போனில் இல்லை. போன் பறந்து சுவரில் மோதியது. ஆர்த்தியின் தோள் முன்னுக்குத் தள்ளப்பட்டு, வாயிலிருந்த முறுக்கு தரையில் சிதறியது. அவள் கத்தவில்லை, என்ன நடந்தது என்று தெரியாமல் சிரிக்கப் போனவள் மாதிரி அண்ணியைப் பார்த்தாள். நைட்டியின் தோள்பட்டையில் துணி கிழியாமலே அடியில் ஒரு கோடு சிவந்து, தடித்து, கழுத்துவரை ஏறியது.

"அண்ணி? முதுவுல..."

அடுத்தது முகத்தில்.

இளவரசன் பத்திரிகைகளை உதறிவிட்டு ஓடினான். தங்கையை மடியில் இழுத்துக்கொண்டு தன் முதுகால் மூடினான். பயனில்லை. அடி அவன் முதுகின் வழியாக, அவனைத் தொடாமல், அவளுக்குள் இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அவன் கைகளுக்குள் அவள் உடம்பு துள்ளுவது மட்டும் தெரிந்தது. கண்ணாடி வளையல்கள் ஒன்றொன்றாக உடைந்தன. கடைவாயில் இரத்தம் நுரைத்தது.

"நிறுத்து மணி! எதையாவது நிறுத்து!"

மணிமொழி கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பார்த்தாள். பாடுவது எதுவுமில்லை. சி.டி.யை வெளியே தள்ளினாள். தட்டு வெளியே வந்தது, சி.டி. அதில் சுற்றிக்கொண்டே இருந்தது. மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. காற்றில் அந்த மூச்சு. அந்த உடுக்கை. பேர் சொல்லு. அடி.

உள்ளறைக் கதவு திறந்தது. காசி வந்தார். மகளைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். கேட்கத் தேவையிருக்கவில்லை, ஆனாலும் கேட்டார்.

"இவ பேரையா போட்ட?"

"சும்மா டெஸ்ட்டுக்கு மாமா... அழிய மாட்டேங்குது..."

"அழியாது. மேல வேற பேர் எழுது. என் பேரப் போடு." அவர் ஆர்த்தியின் அருகே மண்டியிட்டார். "என்கிட்ட வரட்டும். எனக்கு வர வேண்டியதுதான். போடு!"

காசி. எழுதினாள். படித்தாள். பாடியவர்: காசி.

அடி நின்றது.

ஆர்த்தி அண்ணன் மடியில் துவண்டு கிடந்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. காசி கண்ணை மூடி, தலையைக் குனிந்து, தன்மேல் விழப் போவதற்காகக் காத்திருந்தார். விசிறி நின்றுபோயிருந்தது. வியர்வை அவர் மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது. ஒன்றும் விழவில்லை.

அவர் வலது கை இடுப்புக்குப் போனது.

அந்த ஒலிப்பதிவில் காசி அடி வாங்கியவர் அல்ல என்பது மணிமொழிக்கு அப்போதுதான் உறைத்தது.

பச்சை பெல்ட் ஒரே இழுப்பில் கழன்றது. "ஐயோ, நான் இல்ல," என்றார் காசி, தன் கையையே பார்த்தபடி. கை உயர்ந்தது. கொக்கி இருந்த முனை முதலில் இறங்கியது. ஆர்த்தியின் நெற்றி பிளந்தது. இளவரசன் அப்பாவின் கையைத் தாவிப் பிடித்தான். முதுமையில் டம்ளர் தூக்கினால் நடுங்குகிற கை அது. அவனை ஒரே உதறலில் பீரோவில் மோதவைத்தது. எழுந்து வந்தவனின் வாயில் பெல்ட்டைச் சுற்றிய முஷ்டி இறங்கியது. பற்கள் தரையில் விழுந்து உருளும் சத்தத்தை மணிமொழி கேட்டாள். கல்யாணப் பத்திரிகைகளின் மேல் இரத்தம் தெறித்தது.

காசி அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் தாடையில் ஓடியது. ஆனால் வாய் திறந்தபோது வந்தது அவருடைய இன்றைய குரல் இல்லை.

"பேர் சொல்லு."

அடி.

"பேர் சொல்லு."

ஆர்த்தி தரையில் தவழ்ந்தாள். கணுக்காலைப் பிடித்து இழுத்தார். அவர் கண்கள் மட்டும் மணிமொழியைப் பார்த்தன. கெஞ்சின. மாத்து. மாத்து.

மாற்ற வேண்டும். யார் பெயர்? இளவரசன்? இல்லை. விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. 'ம' என்று அடித்தாள். 'ணி' என்று அடித்தாள். அங்கே நின்றாள். முதுகுக்குப் பின்னால் பெல்ட் காற்றைக் கிழித்தது; எலும்பு ஒன்று காய்ந்த குச்சி மாதிரி முறிந்தது. இன்னும் கொஞ்சம்தான் எழுத வேண்டும். அவளால் முடியவில்லை. அடித்த இரண்டு எழுத்தையும் அழித்தாள்.

மேசையில் பார்சலுக்காக அச்சடித்து வைத்த முகவரிச் சீட்டு இருந்தது. பெறுநர்: தென்றல். காப்பகத்தில் ஆவணங்களை வாங்கிப் பதிகிற பெண். மணிமொழி அவளைப் பார்த்ததில்லை, பேசியதும் இல்லை. மின்னஞ்சலின் கடைசியில் அந்தப் பெயர் வரும், அவ்வளவுதான்.

எழுதினாள்.

படித்தாள். பாடியவர்: தென்றல்.

பெல்ட் காசியின் கையிலிருந்து நழுவி விழுந்தது. விசிறி ஓடத் தொடங்கியது.

வீட்டு மாடிப்படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நர்ஸ் ஒருத்தி ஆர்த்தியின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "படியா?" என்று மட்டும் கேட்டாள். கையும் விலா எலும்பும் முறிந்திருந்தன. நெற்றியில் தையல் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது இளவரசன் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை மணிமொழி துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். காசி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துண்டால் கட்டில் காலோடு தானே இறுகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப யார் பேர் இருக்குது?"

"மெட்ராஸ்ல ஒருத்தவங்க மாமா."

யார், என்ன வயது, பிள்ளைகுட்டி உண்டா என்று அவர் கேட்கவில்லை. கட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கியே வெச்சிருந்தா இங்கியே திரும்பும்," என்றார் கடைசியில். "அவங்களுக்குப் போய்ச் சேரணும். அனுப்பிடு."

கூடத்துக்கு வந்தாள். தரையை யாரோ கழுவியிருந்தார்கள். பீரோவின் அடியில் மட்டும் கறுத்துக் காய்ந்திருந்தது. உட்கார்ந்து, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, பூஜ்யம் எண் ஃபைலைத் திறந்தாள்.

மூச்சு இல்லை. உடுக்கை இல்லை. குக்கர் விசில் ஒன்று அடங்கியது. குழாயில் தண்ணீர் விழுந்தது. ஒரு குழந்தை ஏதோ பாடத்தை ராகம் போட்டுப் படித்தது. நடுவில் தப்பாகச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கொஞ்சம் தள்ளி யாரோ ஒரு பெண், வேலை செய்துகொண்டே, வாய் திறக்காமல் ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தாள். நல்ல குரலாக இருக்கும் போலிருந்தது. அந்த வீட்டுக்குள், இவை எல்லாவற்றுக்கும் அடியில், மிக மெதுவாக, ஒரு கொலுசு தரையில் இழுபட்டுக்கொண்டு சுற்றிவந்தது. அது இன்னும் எந்த அறை என்று தேடிக்கொண்டிருந்தது.

திரையில் கர்சர் மின்னியது. பாடியவர் என்ற இடத்தில் இன்னொரு பெயரை எழுத ஒரு நிமிஷம் கூட ஆகாது. தன் பெயரை எழுதினால் அது உடனே தன்னிடம் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆர்த்தியின் நெற்றித் தையல் நினைவுக்கு வந்தது. பற்கள் உருண்ட சத்தம் நினைவுக்கு வந்தது. குழந்தை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கியது.

ஃபைலை மூடினாள். பத்து ஃபைல்களையும் பென்டிரைவில் ஏற்றினாள். வழக்கம்போல ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்த்தாள். பிறகு வெள்ளைத்தாளில் கடிதம் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி, அனுப்புநர் இடப்பக்கம், பெறுநர் அதன் கீழே, பொருள் தனி வரியில்.

'மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம். தாங்கள் கோரியபடி கடைசிக் குறுந்தகட்டில் உள்ள ஒலிப்பதிவுகள் அனைத்தும் இத்துடன் அனுப்பப்படுகின்றன. உறையில் அச்சிடப்பட்ட ஒன்பது பாடல்களுக்கு முன்னால் பூஜ்யம் என்ற எண்ணில் ஒரு பதிவு கூடுதலாக உள்ளது. எல்லா விவரங்களும் நிரப்பப்பட்டுள்ளன. எந்த இடமும் காலியாக இல்லை.' கையெழுத்துப் போடும் முன் கொஞ்ச நேரம் யோசித்தாள். 'தயவு செய்து தாங்களே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி சேர்த்தாள்.

திங்கட்கிழமை காலை தபால் நிலையத்தில் கூட்டம் கம்மியாக இருந்தது. வாசலுக்கு எதிரே கோபுரத்தின் உச்சியில் வெயில் ஏறியிருந்தது; தேங்காய்க் கடைக்காரர்கள் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்கள். மணிமொழி கடிதத்தை நான்காக மடித்து சி.டி.யோடும் பென்டிரைவோடும் தடித்த உறைக்குள் வைத்தாள். மேசையில் கட்டிவைத்திருந்த பசைப் புட்டியில் விரலை விட்டு, உறையின் வாயில் ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். காற்றுப் போக இடமில்லாமல் அழுத்தினாள்.

கவுண்ட்டரில் இருந்தவர் உறையை எடை போட்டார். "உள்ள இன்னாம்மா?"

"பாட்டு."

"பாட்டா? போன்ல அனுப்பிட்டா முடிஞ்சிது. அத்தப் போயி கவர்ல போட்டு, க்யூல நின்னு..." சிரித்துக்கொண்டே சீட்டை ஒட்டினார். முத்திரைக் கட்டையை மைத்தட்டில் ஒற்றி, பெறுநர் பெயருக்குப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார்.

உறைக்குள்ளிருந்து அலறல் வந்தது.

மணிமொழி அவரைப் பார்த்தாள். அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் மணியார்டர் அனுப்ப வந்த கிழவருக்கும் கேட்கவில்லை. கவுண்ட்டர்காரர் உறையைத் திருப்பிப் பின்பக்கம் ஒன்று குத்தினார். ஒரு பெண். எதற்கு அடி விழுகிறது என்று தெரியாத பெண். ஏங்க, யாருங்க, நான் இன்னா பண்ணேன் என்று மூச்சுக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை அம்மா, அம்மா என்று கத்தியது. மணிமொழி அதுவரை தென்றலின் குரலை முழுசாகக் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். நல்ல குரல்தான்.

"ஆச்சு," என்று அவர் உறையைப் பைக்குள் போடப் போனார்.

முத்திரையில் மை பாதி விழுந்திருந்தது. ஊர்ப்பெயர் மங்கலாக இருந்தது. மங்கிப்போனதைக் காரணம் காட்டி யாராவது இதை அனுப்புநர் முகவரிக்கே திருப்பிவிட்டால்? வேங்கிக்கால் வீட்டுக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்த்தி திரும்பி வரப்போகிற வீட்டுக்கு.

"சார், சரியா விழலைங்க," என்றாள் மணிமொழி. குரல் நடுங்கவில்லை. "இன்னொரு தரம் போடுங்க. நல்லா அழுத்தி. திரும்பி வந்துடக் கூடாது."

அவர் கட்டையை மையில் ஒற்றி, கையைத் தலைக்கு மேல் ஓங்கினார்.